பலாமரத்தடிப் பெட்டி

"ஒண்ண எடுத்தா ஒண்ண வச்சிரணும்டி. அதான் இதுல ரூல்."

இது என்னிடம் சொன்னதில்லை அக்கா. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது. காதில் விழுந்தது. விழாமல் இருந்திருக்கலாம். விழுந்துவிட்டது.

நீங்களும் அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்? போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துக்குள் நாலு எட்டு முன்னால் இரண்டு எட்டு பின்னால் என்று நடக்கிறவர்கள் எல்லாரும் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். ஜியோகேஷிங். பெயரைக்கூடப் பாடம் பண்ணிவிட்டேன். ஒருவர் பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, இருக்கிற இடத்தை நம்பராகப் போனில் போடுவது. மற்றவர்கள் அதைப் பார்த்துத் தேடி வருவது. சரிதானே?

பெட்டி பலாமரத்தடியில் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது. கொடுத்துவிடுகிறேன். யார் வைத்தார்களோ அவர்களிடம் நீங்களே சேர்த்துவிடுங்கள். ஆனால் கொஞ்சம் உட்காருங்கள். கோயில் படியில் இந்த நேரம் வெயில் வராது. இன்று கோயில் கூட்டுகிற முறை எங்கள் வீட்டுக்கு. வேறு யாரும் வரமாட்டார்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. காலேஜில் மூன்று வருடம் தாவரவியல் படித்தேன். வைவாவில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்ற ஒரே பெண் என்று எனக்குப் பெயர். செலின் வாயில் கொழுக்கட்டை என்பார்கள். ஆனால் கவனிப்பேன். இலையைப் பார்த்துக் குடும்பம் சொல்வேன். ஆளைப் பார்த்து மனசு சொல்வேன். பேசாதவர்களுக்குக் கண் கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் போனில் எங்கள் ஊர்க் கதையும் இருக்குமே? அந்தப் பெண் பஸ்ஸிலேயே சத்தமாக வாசித்தாள். பன்னிரண்டு குடும்பம், ஒரு வெள்ளைக்காரச் சாமியார், கீழ்நாட்டுப் பஞ்சத்துக்குத் தப்பி மலையேறியது, காட்டைத் திருத்திக் குடியேறியது, முதல் மழைக்கே மலைக்காய்ச்சலில் பாதிப் பேர் போனது. எல்லாம் சரிதான். ஆனால் வந்தது பதின்மூன்று குடும்பம். ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளை இங்கே புதைத்துவிட்டுக் கீழே திரும்பிப் போய்விட்டது. திரும்பிப் போனவர்களை எங்கள் ஊரில் எண்ணுவதில்லை.

கோயிலுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஆற்றுக்கல் நட்டிருக்கிறது, பார்த்தீர்களா? பெயர் இருக்காது. அப்போது கல் செதுக்க ஆளில்லை. அதுதான் முதல் வரிசை, முதலில் வந்து செத்தவர்களுடையது. எந்தக் கல் எந்த வீட்டுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வரிசையில் இனி யாரையும் வைக்கக் கூடாது. போன தலைமுறையில் ஊருக்கே தர்மகர்த்தா மாதிரி இருந்தவருக்கு அங்கே இடம் கேட்டும் கொடுக்கவில்லை. வெளியே சிமெண்டில் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு கண்டிப்பு.

இடது ஓரத்தில் இரண்டு கல் எங்கள் வீட்டுக்காரரின் முப்பாட்டன் இன்னாசிக்கும் அவர் மனைவிக்கும். கல்யாணமாகி வந்த முதல் வருடமே அந்த இரண்டுக்கும் சுண்ணாம்பு அடிப்பது என் வேலையாகிவிட்டது. கல்லறைத் திருநாளைக்கு முன்னால் அடித்துவிட வேண்டும். வாளியை இரண்டு கல்லுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கை எட்டும். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்காரர் ஒரு தொல்லை. நான் வாளியை வைத்ததும் வருவார், தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்.

"ஏங்க?"

"சும்மாதான்."

அவரிடம் வருகிற பதிலே அவ்வளவுதான். சரிவில் மண் இறங்காமல் கல்லை அடுக்கிக் கட்டுகிறார்களே, அந்த வேலை அவருக்கு. கல்லோடு இருந்து இருந்து கல்லாகவே ஆகிவிட்டார் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு மறுநாள், கீழே ஆஸ்பத்திரியில் எனக்குப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பெண். மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் பிள்ளையும் இல்லை, அவரும் இல்லை. துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார் என்று அத்தை சொன்னார்கள். முகம் யார் மாதிரி என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாது தாயி" என்றார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளையை அப்பன் மட்டும்தான் கொண்டுபோக வேண்டும். வேலி ஓரமாக எங்கேயாவது வைத்துவிட்டு வர வேண்டும். கல் நடக் கூடாது, சிலுவை கூடாது. எந்த இடம் என்று தாய்க்குச் சொல்லக் கூடாது. அடுத்த பிள்ளை பிறந்தால் சொல்லலாம். முன்னாடியே சொன்னால், தாய் அங்கேயே போய் நிற்பாளாம், வயிறு திறக்காதாம். பங்குச் சாமி, இதெல்லாம் இப்போது கிடையாது, திருச்சபையே சொல்லவில்லை என்று பிரசங்கத்தில்கூடச் சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார்கள். சாமியார் வருவார், மாறிப் போவார். வழக்கம் எங்கே போகும்?

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார். மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அழவில்லை. பிள்ளை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ராத்திரி கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் துணிகளை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். நாற்பது நாள் தீட்டு கழியட்டும், கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு நிலக்கோட்டைக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு, போய்விடுவது. திரும்பி வருவதாக இல்லை.

நாற்பது கழிந்து கோயிலுக்கு வந்தேன். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் வேலியை ஒட்டி நடந்தேன். எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பலாமரத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். வேர் பிரிகிற இடத்தில் முழ உயரத்துக்குக் கல்லை அடுக்கி வைத்திருந்தது. பெரிய கல் அடியில், சின்னது மேலே, சந்துக்குச் சில்லு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் கை. கல் நடக் கூடாது என்றுதானே வழக்கம், அடுக்கக் கூடாது என்று இல்லையே! வாயைத் திறக்காத மனிதர் கல்லால் பேசியிருக்கிறார் என்று நினைத்தேன்.

மேல் கல்லை எடுத்துப் பார்த்தேன். உள்ளே நீல மூடி போட்ட டிபன் டப்பா. திறந்தால் ஒரு சிவப்புப் பொம்மைக் கார், இரண்டு கோலிக்குண்டு, ஒரு சாவிக்கொத்து, எந்த நாட்டுக் காசோ ஒன்று. அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள், சுருட்டி நூல் சுற்றி இருந்தது. அதை நான் தொடவில்லை. ஏதோ எழுதி வைத்திருக்கிறார். அது அவருக்கும் பிள்ளைக்கும் உள்ளது என்று விட்டுவிட்டேன். பொம்பளைப் பிள்ளைக்குப் போய்க் கார் வாங்கி வைத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று அழுகையிலும் சிரிப்பு வந்தது. வெளிநாட்டுக் காசு? தோட்டம் பார்க்க வந்த எவனாவது கொடுத்திருப்பான். எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடியும் கொடியில் போட்டேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்கள்.

அந்தக் காரை மட்டும் நான் பார்க்கவில்லை என்றால் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வைத்தவர்களைத் திட்டாதீர்கள் என்று சொல்வதற்குத்தான். அவர்களுக்கு என்ன தெரியும்?

அடுத்த வாரம் நானும் ஒன்று கொண்டுபோனேன். வயிற்றில் இருந்தபோது பின்னிய காலுறை, மஞ்சள் கம்பளி நூல். மலைக்குளிருக்குப் பிறந்ததும் போடலாம் என்று பின்னியது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். பெட்டிக்குள் வைத்தேன். மாதம் கழித்துப் போய்த் திறந்தேன், காலுறை இல்லை. அந்த இடத்தில் ஒரு விசில்.

எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துவைக்கும்போதெல்லாம் அவர் சட்டைப் பையைத் தடவுவேன். பஸ் டிக்கெட் இருக்கும், வெற்றிலைக் காம்பு இருக்கும். காலுறை இருக்காது. எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறார், நான் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். நானும் கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்.

அதற்கப்புறம் அவரிடம் நான் வேறு ஆளாகிவிட்டேன். முன்பெல்லாம் தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுவேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். கேட்காமலே மூன்றாவது தோசை வைத்தால் நிமிர்ந்து பார்ப்பார், 'இவளுக்கு என்ன ஆச்சு' என்கிற மாதிரி. நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். தெரியும் ஐயா, எனக்கு எல்லாம் தெரியும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் சண்டை போடுவேன். வேலை முடிந்து வந்தால் செருப்பின் வார், மேல்பக்கமெல்லாம் சுத்தமாக இருக்கும். உள்பக்கம் மட்டும் செம்மண் அப்பியிருக்கும், பாதம் பதிகிற இடத்தில். கல்லடுக்குகிறவர் செருப்பைக் கழற்ற மாட்டார், கழற்றினால் கால் போய்விடும். "செருப்புக்குள்ள எப்படிங்க மண்ணு போகும்? வானத்துல இருந்து விழுதா?" என்பேன். "கழுவிக்கிறேன் விடு" என்பார். கழுவுவது யார்? நான்தான்.

ஒரு வருடம் இப்படி ஓடியது. பிள்ளையின் நாள் வந்தது. பட்டாம்பூச்சி வைத்த ஒரு ஹேர்கிளிப் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். இரண்டு மாதமாக அது அங்கேயே இருந்தது. பிறகு இந்தக் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவர் வழக்கம்போல வாளியைத் தூக்கி நகர்த்தினார். இந்தத் தடவை நான் கோபித்துக்கொண்டு மறுபடியும் நடுவிலேயே வைத்தேன். சுண்ணாம்பு ததும்பித் தரையில் கொட்டியது. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. திரும்பி நடந்துவிட்டார்.

அதற்கு இரண்டாம் நாள்தான் பஸ். மெழுகுதிரியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டுப் பெண் போனை நீட்டி நீட்டிக் காட்டினாள்.

"சர்ச் கல்லறை, வேலி ஓரம், பலாமரம். ரொம்ப ஈஸிடி. கல்லுக் குவியல் இருக்கும், மேல் கல்லத் தூக்குனா பெட்டி."

"நீ வந்திருக்கியா?"

"போன வருஷமே வந்துட்டேனே. இது அங்க எடுத்ததுதான்."

முதுகுப்பையை மடியில் திருப்பினாள். ஜிப்பில் மஞ்சளாக ஒன்று தொங்கியது. கட்டைவிரல் அளவு. குதிகால் திருப்புகிற இடத்தில் நான் ஒரு கண்ணியை விட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக் கட்டிய முடிச்சு, அதுகூடத் தெரிந்தது. நான்தான் நன்றாகக் கவனிக்கிறவள் ஆயிற்றே.

"ஐயோ, க்யூட்டா இருக்கு. இன்னொண்ணு எங்கடி?"

"எங்கயோ விழுந்துருச்சு. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ. ஆனா ஒண்ண எடுத்தா ஒண்ண வச்சிரணும்டி. அதான் இதுல ரூல்."

எங்கள் வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்க வேண்டும். அவர்களோடு கோயிலிலேயே இறங்கிவிட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நேராகப் பலாமரத்துக்குப் போனார்கள். கல்லைத் தூக்கினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் முத்தமிட்டுத் தூக்குகிற கல். தாளை எடுத்துப் பிரித்து, பேர் எழுதிச் சுருட்டி வைத்தார்கள். ஹேர்கிளிப்பை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு குட்டி டார்ச்சை வைத்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை அக்கா. கல்லையெல்லாம் திரும்ப ஒழுங்காகத்தான் அடுக்கினார்கள்.

போகும்போது என்னைப் பார்த்து, "அக்கா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டாள், காலுறைக்காரி.

கோயில் குழாயைக் கை காட்டினேன்.

"தேங்க்ஸ்கா."

அந்தக் காலுறையைக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. கழற்றிக் கொடுத்திருப்பாள். வாய் வரவில்லை. வைவா மாதிரியே நின்றேன்.

அவர்கள் போனபின் பெட்டியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அவர் வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். தட்டுக்குப் பதிலாகப் பெட்டியை முன்னால் வைத்தேன். அத்தை வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு டிபன் பாக்ஸ் இது?"

"உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாதே." திறந்து பார்த்தார். காரை எடுத்துச் சக்கரத்தை விரலால் சுற்றினார். "எங்க கெடந்துச்சு?"

"பலாமரத்தடியில. நீங்க அடுக்குன கல்லுக்குள்ள."

"நானா? அதையா?" அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "அது ஒரு கட்டா செலின்? கைய வச்சா ஆடுது. எவனோ டவுன்காரன் அடுக்கிட்டுப் போயிருக்கான். நான் அடுக்கினேன்னு வெளிய சொல்லிராத."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அத்தை உரிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம பிள்ளை அங்கதான் இருக்குன்னு நெனச்சேங்க. ஒரு வருஷமாப் பேசிக்கிட்டிருந்தேன். பாட்டுக்கூடப் பாடுனேன்."

அவர் காரைக் கீழே வைத்தார்.

"அங்கதான்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்களும் சொல்லல."

"அம்மாதான், அடுத்தது பொறக்கற வரைக்கும்…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நான் நாளைக்கு நிலக்கோட்டைக்குப் போறேன்" என்றேன். கத்தவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை. "கூட்டிப் போக வேண்டாம். நானே போயிக்கிறேன். இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு கல்லு இருக்குன்னுதான் இருந்தேன். அதுவும் எவனோ டவுன்காரனோடதாம்."

பெட்டியை மூடித் தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார்.

"செருப்ப மாட்டு. வா."

வாசலைத் தாண்டும்போது அத்தை அவர் கையைப் பிடித்தார்கள். "டேய் பிரிட்டோ, எங்கடா கூட்டிட்டுப் போற? அடுத்தது பொறக்கட்டும்டா. உன் நல்லதுக்குத்தானடா சொல்றேன். ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்னு தெரியும்ல?" அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அத்தையின் மடியிலிருந்து பீன்ஸ் எல்லாம் படியில் சிதறியது.

ஊருக்குத் தெரிந்தால் என்ன? வேலி ஓரத்தில் பிள்ளை இருப்பது ஊருக்குத் தெரியாதா? அத்தை எதற்கு இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது நான் சொல்வதையும் நீங்கள் தயவுசெய்து போனில் போட்டுவிடாதீர்கள் அக்கா. யாரிடமும் சொல்லாதீர்கள். தோண்டச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கேட் வழியாகத்தான் நுழைந்தோம். இருட்டவில்லை. என் கால் தானாகவே பலாமரத்துப் பக்கம் திரும்பியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார். கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்சுவருக்கு வந்தோம். முதல் வரிசை. ஓரத்தில் இரண்டு கல்லும் நான் அடித்த சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தன. நடுவில், நான் கோபத்தோடு வாளியை வைத்துச் சுண்ணாம்பு ததும்பிய இடத்தில், வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

அவர் அந்த வட்டத்துக்கு முன்னால் நின்றார். உள்பக்கம் செம்மண் அப்பிய செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, என் வலது காலைப் பிடித்துத் தூக்கிச் செருப்பைக் கழற்றினார். அப்புறம் இடது காலை.